தடயம் இல்லாத ஆள்

எங்கள் அலுவலகத்தில் யாரும் வீடு வீடாகப் போய்த் தலை எண்ணுவதில்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வரி, ஓய்வூதியம் என்று ஒவ்வொரு துறையும் வைத்திருக்கும் பதிவுகளை, பெயர்களை மறைத்துவிட்டு, ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்போம். நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அதிலிருந்து கணிப்போம். இதில் பெரிய தலைவலி, நாட்டைவிட்டுப் போனவர்கள். வருகிறவன் பத்து இடத்தில் கையெழுத்துப் போடுகிறான். போகிறவன் ஒருத்தரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. அதற்கு ஒரு விதி எழுதச் சொன்னார்கள், எழுதினேன்: ஒரு வருடம் எந்தப் பதிவிலும் தடயம் இல்லையென்றால் ஆள் வெளிநாடு போய்விட்டார்.

விதியை முடிவுசெய்யும் கூட்டத்தில் எங்கள் மேலாளர் மேசையைத் தட்டினார். "டாக்டர்கிட்டப் போகல, வேலைக்குப் போகல, படிக்கல, பஸ் பாஸ்கூட வாங்கல. முழுசா ஒரு வருஷம்! இப்படி ஒரு ஆள் இங்கேயே இருக்க முடியுமா? யாராவது காட்டுங்க பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலையில்தான் அப்படி ஓர் ஆளின் அறை வாசலில் டீயை வைத்துவிட்டு வந்திருந்தேன்.

என் தம்பி. வேலை போனதும் மாடி அறைக்குள் போனவன், இரண்டு வருடமாகத் தெருவைப் பார்க்கவில்லை. வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து இறங்கி வந்து சாப்பிடுவான். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பான். கேட்பவர்களிடம் அம்மா, "அவன் வெளிநாட்ல இருக்கான், நல்ல வேலை" என்பாள். போகப் போக அந்த வேலையில் பதவி உயர்வு வேறு கொடுத்துவிட்டாள். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைத் தோழி, தன் அண்ணன் மகனுக்கு அங்கே ஏதாவது கிடைக்குமா என்று என்னை நச்சரித்துக்கொண்டிருந்தாள். நானும் கேட்டுச் சொல்வதாக மழுப்பி வந்தேன்.

அம்மா அவனை அனுப்பி வைத்தது போதாதென்று, இப்போது நான் அரசாங்க முத்திரையோடு அனுப்பப்போகிறேன்.

"முடியும் சார்," என்றேன். "எங்க வீட்ல ஒருத்தன் இருக்கான்."

தோழி என் பக்கம் திரும்பினாள். "யாரு, உன் தம்பியா? அவன்தான் வெளிநாட்ல..."

"மாடியில இருக்கான்."

சொன்ன பிறகு அழுகை முட்டியது. அவனைப் பற்றி ஓர் உண்மை வார்த்தை பேசி எவ்வளவு காலமாயிற்று! மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனிதர் கறார், ஆனால் கல்நெஞ்சக்காரர் இல்லை. "அப்போ இன்னும் எந்தெந்த மாடியில யார் யாரோ," என்றார். விதியை நிறுத்திவைத்தார்கள். சில தெருக்களைக் குலுக்கலில் எடுத்து, ஆளனுப்பி நேரில் கேட்டு, விதி எத்தனை பேரைத் தவறவிடுகிறது என்று பார்ப்பதாக முடிவானது.

அன்று மாலை மூடிய கதவுக்கு வெளியே நின்று தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உன்னைக் கேக்காம சொல்லிட்டேன்டா. கோபமா?" உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

குலுக்கலில் எங்கள் தெருவும் விழுந்தது. ஒரு சனிக்கிழமை, கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் வந்து மணி அடித்தாள். நான் மடித்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டு எழுவதற்குள் அம்மா கதவைத் திறந்துவிட்டாள்.

"இந்த வீட்ல எத்தனை பேர் இருக்கீங்கம்மா?"

"ரெண்டு பேரு. நானும் பொண்ணும்." மூச்சுவிடாமல் சேர்த்துக்கொண்டாள், "பையன் வெளிநாட்ல. மேனேஜரா இருக்கான்."

நான் வாயைத் திறக்குமுன் மாடிப்படியில் சத்தம் கேட்டது. பாதிப் படியில் தம்பி நின்றிருந்தான். தாடி மார்பைத் தொட்டது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டான்.

"மூணு பேருங்க," என்றான். பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். வந்த பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி அடுத்த கேள்விக்குப் போனாள்.

"வெளிநாட்ல இருந்து எப்போ வந்தீங்க?"

தம்பி அம்மாவைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண்ணுக்குப் பதில் சொன்னான்.

"நான் போகவே இல்லைங்க."