ஜன்னலுக்கு ஈரச் சாக்கு

ஐஸ் ஃபாக்டரியில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். வெயிலைக் கண்டால், ஐஸை மூடுகிற பழக்கத்தில் என் கை தானாகவே ஈரச் சாக்கைத் தேடும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. அதனால்தான் மருமகளின் மூன்று வருட உழைப்புக்கு உலை வைக்கப் பார்த்தேன்.

அவள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கூழ் செய்திருந்தாள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அதை அடைத்தால் ஜன்னல் தயார். குளிர்ந்திருந்தால் தெளிவாக இருக்கும். இருபத்தெட்டு டிகிரியைத் தாண்டினால் பால் போல வெளுத்து வெயிலை மறிக்கும். கரண்ட் வேண்டாம், திரை வேண்டாம். எங்கள் கூடத்தின் மேற்குப் பக்கம் ஒன்றைப் பொருத்தியிருந்தாள். புது மருத்துவமனையின் இருநூறு ஜன்னல்களுக்கும் இதைப் போடலாமா என்று பார்த்து முடிவு சொல்ல, அன்று ஒரு பொறியாளர் வருவதாக இருந்தது. அவரை அழைத்துவரப் போயிருந்தாள்.

அன்றைய வெயிலில் காக்கை பறந்தால் வறுவலாகத்தான் விழும். கூழ் வெளுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. வெந்து தொலைத்தால்? ஜன்னலின் வெளிப்பக்கம் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே ஐஸ் கட்டிகளையும் சொருகினேன்.

வந்தவள் பதறிப்போய்ச் சாக்கை உருவினாள். கண்ணாடி ஊற்றுத் தண்ணீராகத் தெளிந்து கிடந்தது. வெயில் நேரே பாய்ந்து பொறியாளரின் வழுக்கையில் இறங்க, கூடத்துக்கு இரண்டு சூரியன்.

"வெளுக்கும்னு சொன்னீங்களே?" கண்ணைச் சுருக்கினார்.

"வெளுக்கும் சார். மாமா குளிர வச்சுட்டார். அரை மணி நேரம் பொறுத்தீங்கன்னா..."

"பத்து நிமிஷத்துல நான் கிளம்பணும்மா."

அவள் முகம் வாடியது. என்னைத் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. சட்டையைத் தூக்கி, என் தொந்தியை அப்படியே கண்ணாடியில் அப்பினேன். சில்லென்று உயிர் போய்த் திரும்பியது.

"ஐயோ மாமா, மானத்தை வாங்காதீங்க!"

"சும்மா இரும்மா. இத்தனை வருஷம் குளிரைத் தின்ன வயிறு, இன்னைக்காவது சூடு குடுக்கட்டும்."

ஐந்து நிமிடம் கழித்து விலகினேன். கண்ணாடியில் வெள்ளை வெளேரென்று முழு நிலா! தொப்புள் இருந்த இடத்தில் மட்டும் ஒரு பொட்டு வெயில். வண்டிச் சக்கரம் அளவு நிலா அது. தாம்பாளம் அளவுதான் என்பாள் மருமகள். அவளுக்கு அளவே தெரியாது.

பொறியாளர் கிட்டே வந்து நிலாவைப் பார்த்தார். மெல்லக் குனிந்து, தன் வழுக்கையைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார். எடுத்தபோது அங்கே ஒரு குட்டி நிலா.

"இருநூறுக்கும் இதையே போட்டுடலாம்மா," என்றார், தலையைத் துடைத்தபடி. "சாக்கு மட்டும் வேண்டாம்."

கிளம்ப வேண்டியவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சிரித்துவிட்டுத்தான் போனார். அதற்குள் ஜன்னல் முழுவதும் வெளுத்து, என் நிலா அதில் கரைந்துபோயிற்று. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.