ஏறுகடல் எங்கே போகிறது

என் மனைவி இன்ஷிராஹ் காலையில் தாந்தா நகரத்துப் பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்துவாள். மதியம் வந்து சமைப்பாள். சாப்பிட்டு முடித்து நான் தட்டுகளைக் கழுவப் போனதும், அதே மேசையைத் துடைத்து, எண்ணெய்க் கறை இல்லாத ஓரமாகப் பார்த்துக் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு வேறு உலகங்களை உண்டாக்க உட்காருவாள். அந்தி நேரத்து மஃரிப் பாங்கு கேட்டதும் எழுந்துவிடுவாள். கல்யாணம் ஆன வருடத்திலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் நடைமுறை.

நான் மின்சார வாரியத்தில் வேலை பார்த்தவன். அதனால் விஞ்ஞானம் முழுவதும் எனக்குத் தெரியும் என்பது அவள் எண்ணம். நான் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, இரண்டு சூரியன் இருக்கும் ஊரில் ஒரு மனிதனுக்கு எத்தனை நிழல் விழும், அவற்றில் எதை அவன் தன் நிழல் என்று நினைப்பான் என்று கேட்பாள். எங்கள் தெருக் காய்கறிக்காரனுக்கும் அவளைச் சீண்டாமல் பொழுது போகாது. அவள் எழுதுகிற உலகங்களில் தக்காளி கிடைக்குமா என்று ஒருநாள் கேட்டான். கிடைக்கும், ஆனால் அங்கே தக்காளி பேசும், அதனால் நறுக்க யாருக்கும் மனசு வராது என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு வந்தாள். எதிர்வீட்டுக்காரி கனவுக்குப் பலன் கேட்டு வருவாள். ஜின்களைப் பற்றி எழுதுகிறவளுக்கு அது தெரியாமலா இருக்கும்.

அவள் எழுதியவற்றில் கொஞ்சம் பெயர் வாங்கியது ‘ஏறுகடல்’ என்ற வரிசை. சட்டைப் பையில் அடங்கும் சின்னப் புத்தகங்கள். ரயில் நிலையத்துப் பெட்டிக்கடைகளில் தொங்கும்.

ஸுமாரா என்று ஓர் உலகம். அங்கே அந்தி சாய்ந்ததும், விரித்த கம்பளத்தை நடுவில் பிடித்துத் தூக்கினாற்போலக் கடல் மெல்ல எழும்பி வானத்துக்குள் போய்விடும். பகலெல்லாம் குகைகளில் அடைந்து கிடந்த ஜனங்கள் ஈரத்தரையில் இறங்கி உழுவார்கள், சந்தை கூட்டுவார்கள், கல்யாணம் நடத்துவார்கள். விடியும் முன் மணி அடிக்கும். எல்லோரும் குகைக்குத் திரும்பியதும் கடல் இறங்கும். அது எங்கே போய்வருகிறது என்று எவருக்கும் தெரியாது. பதினோராவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஸஹ்லா என்ற பெண் கடலோடு தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மேலே போகிறாள்.

அத்தோடு வரிசை நின்றது. பதிப்பகத்தை மூடிவிட்டார்கள் என்று இன்ஷிராஹ் எல்லோரிடமும் சொன்னாள். மூடியது நிஜந்தான். ஆனால் கடல் எங்கே போகிறது என்று எழுதியவளுக்கே தெரியாது என்பது எனக்கு மட்டும் தெரியும். சந்திரன் இழுக்கிறது என்று எழுதிக் கிழித்தாள். காந்தம் என்று எழுதிக் கிழித்தாள். பள்ளியின் பௌதிக ஆசிரியரை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டுக் கேட்டாள். அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

ஒருநாள் என்னிடம் சொன்னாள்: “கடல் ஏறுறது எனக்குத் தெரியுது ரஊஃப். கண்ணால பார்த்த மாதிரி தெரியுது. ஆனா மேல கதவு சாத்தியிருக்கு. தட்டித் தட்டிப் பார்த்துட்டேன்.”

அதன்பிறகு வானொலிக்குக் குழந்தைகளுக்கான ரோபோ கதைகளும், பெண்கள் வாரப்பத்திரிகைக்கு ஜின் கதைகளும் எழுதினாள். ஏறுகடலைப் பற்றி யாராவது கேட்டால் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுவாள். வருடங்கள் ஓடின. கேட்பவர்களும் நின்றுபோனார்கள்.

இந்தச் சமயத்தில்தான் என் இரண்டு சிறுநீரகங்களும் கைவிரித்தன. வாரத்தில் மூன்று நாள் காலை வேளையில் டயாலிசிஸ் என்றார்கள். இன்ஷிராஹ் அந்நேரம் பள்ளியில் இருப்பாள் என்பதால் என் தம்பி என்னைக் கொண்டுபோய் விடுவான்.

முதல் நாள் பயந்துகொண்டுதான் படுத்தேன். நீளமான கூடம், இரண்டு பக்கமும் நாற்காலிக் கட்டில்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இயந்திரம். நர்ஸ் ஸமாஹ் என் இடது கையில் ஊசிகளை ஏற்றினாள். என் ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய் இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வந்தது. அதைப் பார்க்காமல் இருக்கத் தலையைத் திருப்பிக்கொண்டேன். அப்போது பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர், கனத்த குரலில், யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்:

“ஸஹ்லா மேலே போயி இப்ப ரொம்ப காலமாச்சு. கீழே அவ அம்மா இன்னும் மணியடிக்கிறதுக்கு முன்னாடி வாசல்ல வந்து நின்னு பார்க்கிறா.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதுவரை இருந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அவர் பெயர் ஃபக்ரி. ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்ற கிறிஸ்தவர். நர்ஸ்கள் அவரைப் பெரியப்பா என்பார்கள். நிலையத்துக் கடையில் ஏறுகடல் புத்தகங்களை வாங்கிக் கூடத்தில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டியவர் அவர்தான். கூடத்துக்கு வெள்ளையடித்தபோது புத்தகங்கள் குப்பையோடு போய்விட்டன. அதனால் என்ன, எல்லோருக்கும் கதை மனப்பாடம். பதினோராவது முடிந்த இடத்திலிருந்து அவர்களாகவே மேலே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். தையற்காரி தவ்லத் ஒன்று சொல்வாள், ஃபக்ரி மறுப்பார், ஒருவாரம் சண்டை நடக்கும், பிறகு ஏதோ ஒன்று நிலைக்கும். நிலைத்ததை யாரும் மாற்றக்கூடாது.

எழுதின அம்மா இப்போது எங்கே என்று ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டுப்பார்த்தேன். குவைத்துக்குப் போய்விட்டாள் என்றார் ஃபக்ரி. செத்தே போனாள் என்று கேள்வி என்றாள் தவ்லத். நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார்களோ என்று அங்கே பயம், அடுப்பில் தீய்கிறது என்று இன்ஷிராஹ் எழுந்து போய்விடுவாளோ என்று வீட்டில் பயம். அந்தக் குளிர்காலம் முழுவதும் இரண்டு பக்கமும் மூடி மறைத்தேன். 

அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் தம்பிக்குக் காய்ச்சல். இன்ஷிராஹ்தான் கூட வந்தாள். ஸமாஹ் அவளை உள்ளே விட்டு, என் காலடியில் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தாள். இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. அன்று எதிர்க் கட்டிலில் ஒருவர், தன்னோடு வந்திருந்த உறவினர் வீட்டுப் பையனுக்காக, ஸஹ்லா மேலே போன கதையைத் திரும்பச் சொல்லும்படி கேட்டார். ஃபக்ரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். ஸஹ்லா கயிற்றை எடுத்து வலது மணிக்கட்டில் இறுக்கினாள் என்றார்.

“இடது கைலதானே கட்டினா,” என்றாள் இன்ஷிராஹ். தன்னை மறந்து சொல்லிவிட்டாள். பிறகுதான் திகைத்து என்னைப் பார்த்தாள்.

தவ்லத் சால்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். “யாரு இது, உஸ்தாத் ரஊஃப் வீட்டம்மாவா? வந்த அன்னிக்கே திருத்தறீங்க. இடது கை ஊசிக்கை. அதுல யாராவது கயித்தை இறுக்குவாங்களா? ரத்தம் அடைச்சுக்காதா?”

இன்ஷிராஹ் என் இடது கையைப் பார்த்தாள். கூடத்தில் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போனாள். “ஆமா,” என்றாள். “வலது கைதான்.”

ஃபக்ரி தொடர்ந்தார். ஸஹ்லா மேகங்களைத் தாண்டிப் போனாள். அங்கே வானம் ஒரு கூரையாக இருந்தது. கடல் அங்கே பல கிளையாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் நைல் அகலத்துக்கு, கண்ணாடிபோன்ற குழாய்களுக்குள் இறங்கி ஓடியது.

இதை அவர் அவசரமில்லாமல், நேற்று ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்போலச் சொன்னார்: “ஸுமாரா வெறும் மண்ணு இல்ல. அது ஒரு உயிர். கடல்தான் அதோட ரத்தம். எந்தக் காலத்துலயோ அதுக்குச் சீக்கு வந்துடுச்சு, தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்க முடியல. அதனால சாயங்காலம் ஆனா கடல் மேலே போகும். ராத்திரி முழுக்க அங்க கழுவிக்கும். விடியறதுக்குள்ள திரும்பி வரும். ஒருநாள் போகாம விட்டா உலகம் வீங்கிச் செத்துடும்.”



மேலே காவலுக்கு ஒருத்தி நிற்கிறாள் என்றார் ஃபக்ரி. முகம் தெரியாத அளவுக்கு உயரமானவள். ராத்திரியெல்லாம் தூங்காமல் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஒவ்வொரு குழாயாகத் தொட்டுப் பார்ப்பாள். அவள் கண் அயர்ந்தால் எல்லாம் முடிந்தது. அவள் அயர்ந்ததே இல்லை. இதைச் சொல்லும்போது ஸமாஹ் எங்கள் கட்டில்களுக்கு இடையே போய்க்கொண்டிருந்தாள். அவள் எதையோ முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஸஹ்லா ஏன் திரும்பி வரவில்லை என்பதைத் தவ்லத்தான் சொன்னாள், அது அவள் கண்டுபிடித்தது. கழுவிய கடல் சில்லிட்டுப்போய்த் திரும்பும். குகையில் தூங்குகிற பிள்ளைகள் நடுங்கும். ஸஹ்லா அதைப் பார்த்தாள், அங்கேயே தங்கிவிட்டாள். கடல் இறங்கும் முன் அதைக் கதகதப்பாக்கி அனுப்புவது இப்போது அவள் வேலை. அவளுக்கு உதவிக்கு ஆட்கள் உண்டு. பேருந்து ஓட்டிய ஹாஜி பயூமி, ஓரக் கட்டிலில் படுத்திருந்த பள்ளிக்கூடத்துப் பெண், இன்னும் இந்தக் கூடத்திலிருந்து கண்மூடிப் போன எல்லோரும். ஒவ்வொருவருக்கும் அங்கே என்ன வேலை என்று கூடத்துக்கே தெரியும்.

என் மனைவி மெதுவாகக் கையை நீட்டி, என் கைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்த குழாயை இரண்டு விரலால் தொட்டாள். வாழ்நாளில் அவள் எதையும் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு, வகுப்பில் கடைசி பெஞ்சுப் பெண் சந்தேகம் கேட்பதுபோல, தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “அப்போ கழுவின அழுக்கெல்லாம் எங்க போகுது?”

கூடமே சிரித்தது. டயாலிசிஸில் படுப்பவர்களுக்குச் சிறுநீர் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோகும். அதைப் பற்றித்தான் அங்கே எல்லாக் கேலியும்.

“அது புத்தகத்துலயே இருக்கே அப்லா,” என்றாள் தவ்லத். பள்ளிக்கூட ஆசிரியை என்று யாரோ அதற்குள் சொல்லியிருந்தார்கள். “நாலாவதுல. ஆளில்லாத மலைமேல ராவெல்லாம் கசப்பா மஞ்சள் மழை பெய்யும்னு. அந்தம்மா விவரமானவங்க. அங்கயாவது பெய்யுது. எங்களுக்கு மழை நின்னு வருஷமாச்சு.”

இன்ஷிராஹ் சிரிக்கவில்லை. “மஞ்சள் மழை,” என்றாள். “அதை நான் ஏன் எழுதினேன்னு எனக்கே தெரியாது. அந்த அத்தியாயத்துக்கு அது தேவையே இல்ல. பேனா ஓடிச்சு, விட்டுட்டேன்.”

சிரிப்பு கட்டில் கட்டிலாக அடங்கியது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“நீங்க செத்துப்போயிட்டதா சொன்னாங்களே,” என்றாள் தவ்லத்.

ஃபக்ரி எழுந்து உட்காரப் பார்த்தார், ஊசி விடவில்லை. அவர் முகம் பிடிபட்ட திருடனின் முகம்போல ஆகிவிட்டது. புத்தகம் பாதியில் நின்றுவிட்டதே என்றுதான் தொடர்ந்தோம், அனுமதி கேட்க ஆள் கிடைக்கவில்லை, பிடிக்காவிட்டால் விட்டுவிடுகிறோம் என்றார். 

“பெரியப்பா,” என்றாள் இன்ஷிராஹ், ஸமாஹ் அழைப்பதைக் கேட்டு அவளும் அப்படியே அழைத்தாள். “நான் அந்தக் கதவைத் தட்டிக்கிட்டே வெளியில நின்னேன். நீங்க எல்லாரும் உள்ள இருந்திருக்கீங்க. மேல சொல்லுங்க.”

அன்று வீட்டுக்கு ரயில் நிலையத்து வழியாகப் போனோம். நிலையத்து நடைபாலத்தில், நான் களைப்பாற நின்ற இடத்தில், அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். அலெக்ஸாந்திரியா ரயில் கீழே போயிற்று. பாலம் அதிர்ந்தது. அவள் கன்னம் நனைந்திருந்தது. துக்கமா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்து, “பெருசு ரஊஃப். நான் நினைச்சதைவிட ரொம்பப் பெருசு,” என்றாள்.

மறுநாள் மேசையைத் துடைத்து உட்கார்ந்தாள். பள்ளியில் கெஞ்சி வகுப்பு நேரங்களை மாற்றிக்கொண்டாள். எழுதியதைக் கொண்டுவந்து கூடத்தில் படிப்பாள். அவர்கள் தாட்சண்யம் பார்க்காமல் திருத்துவார்கள். ஸஹ்லாவுக்கு ஒரு காதலனை உண்டாக்கினாள், தவ்லத் ஒத்துக்கொள்ளவில்லை. கடலைச் சுடவைக்கிறவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது என்றாள். காதலன் போனான். முதல் பக்கத்தில் கூடத்தார் எல்லோர் பெயரையும் போடலாம் என்று இன்ஷிராஹ் கேட்டபோது ஃபக்ரி மறுத்துவிட்டார். ரயில்வேக்காரன் பெயர் அச்சில் வந்தால் எங்கேயோ விபத்து என்று அர்த்தம் என்றார்.

கடைசி அத்தியாயம் வரை அவர் கேட்டார். கெய்ரோவில் புதிதாக வந்த ஒரு பதிப்பகம் புத்தகத்தைப் போட்டபோது அவர் இல்லை. அவர் கட்டிலில் ஒருவாரம் யாரையும் போடவில்லை. அவருக்கு மேலே என்ன வேலை என்று இன்ஷிராஹ்வைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அவள் தவ்லத்தைப் பார்த்தாள். கீழே எல்லோரும் குகைக்குப் போய்விட்டார்களா என்று பார்த்து, இப்போது இறங்கலாம் என்று கடலுக்கு விளக்குக் காட்டுகிற வேலை என்று தவ்லத் சொன்னாள். அது நிலைத்தது.

பிறகு அந்தக் கட்டிலுக்கு ஒரு புது ஆள் வந்தார். மஹல்லா நகரத்தில் நூற்பாலை மேஸ்திரி. பருத்த ஆள், ஆனால் ஊசி ஏறியதும் முகம் வெளிறிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தவ்லத் அவரை அழைத்து, இந்தப் பக்கம் பாருங்கள் அண்ணா, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள். ஸுமாரா என்று ஓர் உலகம், அங்கே அந்தி சாய்ந்ததும் என்று முதல் புத்தகத்தின் முதல் வரியிலிருந்து. அதில் பாதி வார்த்தை என் மனைவியுடையது, பாதி ஃபக்ரியுடையது. எது யாருடையது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மேஸ்திரி மெல்லத் திரும்பினார். கடல் ஏறும்வரை கேட்டுவிட்டு, நன்றாயிருக்கிறதே, யார் எழுதியது என்றார்.

தவ்லத்துக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. “எழுதுறதாவது? அப்படி ஒரு ஊரு இருக்கு. எங்க ஆளுங்க அங்க இருக்காங்க.”

மேஸ்திரி, அப்படியா என்பதுபோல என் மனைவியைப் பார்த்தார். ஆமாம் என்று இன்ஷிராஹ் தலையாட்டினாள். பிறகு முக்காலியைத் தவ்லத்தின் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு கேட்க உட்கார்ந்தாள்.