மூன்றாவது எண்

லிஃப்ட் மெக்கானிக்கின் கைப்பேசி எண் அந்த வட்டாரத்தில் நாற்பது லிஃப்ட்டுகளுக்குள் ஒட்டியிருந்தது. யார் எங்கே மாட்டிக்கொண்டாலும் அவருக்குத்தான் அழைப்பு வரும். கதவை நெம்பாதீர்கள், இதோ வந்துவிட்டேன் என்பார். சொன்னபடி வந்தும் நிற்பார். அப்பேர்ப்பட்ட மனிதர், மனைவி இறந்ததிலிருந்து ஏழு மாதமாக ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. இனி உயிரோடு இருந்து யாருக்கு என்ன என்ற எண்ணம் வேறு வந்து வந்து போயிற்று. கம்பெனி மருத்துவர் மிரட்டாத குறையாக அனுப்பிவைத்ததால், புதன்கிழமைதோறும் மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்த்துவந்தார்.

புதன்கிழமைகள் நன்றாகத்தான் போயின. பாழாய்ப்போன வாரத்தில் இன்னும் ஆறு நாள் இருக்கிறதே, அங்கேதான் தொல்லை. அதற்காக ஆலோசகர் ஒரு தாள் கொடுத்தார். அந்த எண்ணம் தலைதூக்கினால் கூப்பிட மூன்று எண்கள். முதலாவது, எந்நேரமும் எடுக்கிற உதவி மையத்தினுடையது. இரண்டாவது, துணையை இழந்தவர்களை நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் கூட்டி உட்காரவைக்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவருடையது. இரண்டையும் ஆலோசகரே எழுதிவிட்டார். மூன்றாவதாகத் தனக்கு நெருக்கமான ஒருவரின் எண்ணை மெக்கானிக் எழுத வேண்டும்.

எழுதிக் கொடுத்தார். ஆலோசகர் விவரமானவர், அங்கேயே அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தார். மெக்கானிக்கின் சட்டைப் பையில் மணி அடித்தது.

"உங்க நம்பரையே எழுதியிருக்கீங்களே," என்றார் ஆலோசகர்.

அவசரத்துக்குக் கூப்பிடும் எண் என்றதும் பழக்க தோஷத்தில் கை அதைத்தான் எழுதியிருக்கிறது. மெக்கானிக் அசடு வழிந்தார். ஆலோசகர் விடாமல் கேட்டு, நாலு தெரு தள்ளிச் சலவைக் கடை வைத்திருக்கும் அக்காவின் எண்ணை வாங்கிக்கொண்டார். அக்காவிடம் இப்போதே விஷயத்தைச் சொல்லிவையுங்கள் என்றும் சொன்னார். மெக்கானிக் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தார். சொல்லவில்லை. அவளுக்கே தலைக்கு மேல் வேலை, இதில் நாம் வேறா என்று இருந்துவிட்டார். வீம்பு என்றால் கோபப்படுவார். வீம்புதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த எண்ணம் வந்தது. வழக்கம்போல் வந்துபோகாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. பதினோரு மணிக்குள் அவருக்குத் தன்னை நினைத்தே பயம் பிடித்துக்கொண்டது. நல்ல பயம் அது. அதுதான் அவரைத் தாளை எடுக்கவைத்தது.

உதவி மையத்தில் எடுத்தவர் ஒரு நடுத்தர வயதுக்காரர், பேச்சுக்கு நடுவே இருமினார். ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்று மெக்கானிக் மூன்று தடவை மழுப்பினார். அந்த ஆள் அவசரப்படவில்லை. பிறகு நேராகவே கேட்டார்:

"சார், உயிரை விட்டுடலாம்னு தோணுதா?"

ஏழு மாதத்தில் யாரும் அவரிடம் இப்படிப் பட்டென்று கேட்டதில்லை. "ஆமா," என்றார். சொன்ன வேகத்தில் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

லிஃப்ட்டுக்குள் ஒரு மணி நேரம் தாங்களே கதவோடு மல்லுக்கட்டிவிட்டுக் கடைசியில் கூப்பிடுகிறவர்களை அவர் எத்தனை முறை கடிந்திருப்பார். இந்த ஆள் கடியவில்லை. அழுது ஓயும்வரை இருந்தார், அரை மணி நேரம் பேசினார். பக்கத்தில் வந்து உட்கார யாரையாவது இப்போதே கூப்பிடுங்கள், பத்து நிமிஷத்தில் நானே மறுபடி அழைக்கிறேன் என்றார்.

மெக்கானிக் மூன்றாவது எண்ணை அழுத்தினார்.

"அக்கா, என்னால தனியா இருக்க முடியலை. வர்றியா?"

அவள் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, யாருடைய சட்டையோ தோளில் தொங்க, மூச்சிரைக்க வந்து நின்றாள். உதவி மையத்து அழைப்பு வந்தபோது அவளே வாங்கி, "நான் வந்துட்டேன், இனி இவனை விட்டு நகர மாட்டேன்," என்றாள். பிறகு மேசையில் கிடந்த தாளைப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"மூணாவதாவாடா போட்டிருக்கே என்னை? நான் என்ன ஒண்ணுவிட்ட சொந்தமா?"

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத கண்ணும் சிரித்த வாயுமாக அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அக்காவும் சிரித்தாள், அதோடு சேர்த்து அழுதாள்.

சொன்னபடியே அவள் நகரவில்லை. புதன்கிழமை ஆலோசகரிடம் தானே கூட்டிப்போனாள். சனிக்கிழமை நூலக மாடிக்கும் விடாப்பிடியாக இழுத்துவந்தாள். பதினோரு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தன் முறை வந்ததும் மெக்கானிக் எழுந்து நின்றார். தயார் செய்துவைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று.

"போன ஞாயித்துக்கிழமை சாகப் பார்த்தேன். அதுக்குப் பதிலா போன் பண்ணினேன்."

அவ்வளவுதான் சொன்னார். பஸ் டிரைவர் முதலில் கை தட்டினார். அப்புறம் அந்த மாடியே அதிர்ந்தது. சத்தம் போடக் கூடாது என்று சொல்ல நூலகர் படியேறி வந்தார்; பக்கத்தில் இருந்தவர் காதில் விஷயத்தைச் சொன்னதும், வந்த வேலையை விட்டுவிட்டு அவரும் தட்டினார். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது அக்காதான்.