சத்தம் குறைந்த துவக்கு

மானிப்பாயில் என் கடைக்கு வந்து எயார் றைபிள் என்கிற காற்றுத் துவக்கைக் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு, எதைச் சுடப் போகிறோம் என்பதே தெரியாது. எவனோ வெளிநாட்டுக்காரன் காட்டுப்பன்றியை விழுத்துகிற வீடியோவை போனில் பார்த்துவிட்டு வந்து, "உதுதான் வேணும்" என்பார்கள். அவர்கள் வளவில் நிற்பதோ அணில். நான் விதையும் பைப்பும் மருந்தடிக்கிற மெஷினும் விற்கிறவன். துவக்குக்கு ஒரு மூலைதான் கொடுத்திருக்கிறேன். ஆனால் எனக்குக் கோபம் வருவதெல்லாம் அந்த மூலையில்தான்.

அடைக்கலநாதன் அங்கிள் அப்படி வரவில்லை. இளவாலைக்காரர். கப்பலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வந்தவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "தம்பி சிவதர்ஷன், இருக்கிறதிலை சத்தம் குறைஞ்சது எது?" என்று கேட்டார்.

அப்படி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. ஊரே கேட்டு நடுங்க வேண்டும் என்றுதான் ஆட்கள் ஆசைப்படுவார்கள். எதற்குச் சத்தம் குறைய வேண்டும் என்று விசாரித்தேன்.

"மரவள்ளியைப் பெருச்சாளி தோண்டிக் கொட்டுது. பின்னேரம் பின்னேரம் வருது. வெடி கொளுத்திப் பாத்தன். மனுசி திடுக்கிட்டு, கையிலை இருந்த சட்டியைப் போட்டு உடைச்சுப்போட்டு, என்னை ஏசினா. சண்டை, பிரச்சினை நேரம் முழுக்க அவ பிள்ளையள் ரெண்டோடையும் தனிய அந்த வீட்டிலை இருந்தவ. நான் கடலிலை. இனி அவ ஒரு சத்தத்துக்கும் பயப்பிடக் கூடாது, தம்பி. பெருச்சாளி பிறகு."

எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. ஆறுதலாக விளக்கினேன்.

"ரெண்டு அளவு இருக்கு, அங்கிள். நாலரை மில்லிமீற்றர், அஞ்சரை மில்லிமீற்றர். நாலரைச் சன்னம் பாரமில்லை, விசையாப் போகும். அணிலுக்கு, எலிக்குக் காணும். பெருச்சாளியிலை பட்டால் ஊசி மாதிரித் துளைச்சுக்கொண்டு போயிடும். அது ஓடிப்போய் வளைக்குள்ளை கிடந்து சாகும். அஞ்சரை பாரம். மெதுவாப் போனாலும் நல்லா இடிக்கும். பட்ட இடத்திலையே விழும்."

"சத்தம்?"

"நாலரையிலை இலேசான சன்னம் போட்டால் அது ஒலியையே முந்திப் போகும். படீர் எண்டு கேக்கும். அஞ்சரையிலை பாரமானதைப் போட்டால் அது இல்லை. உள்ளுக்கு ஸ்பிரிங் இடிக்கிறது மட்டும்தான்."

கடைக்குப் பின்னால் மண் மூட்டை அடுக்கி வைத்திருக்கிறேன். அங்கே இரண்டையும் சுட்டுக் காட்டினேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். துவக்கு வாங்க வந்தவர் துவக்கைப் பார்க்காமல் நிற்பதை நான் அன்றுதான் கண்டேன். நாலரை படீர் என்றதும் வேண்டாம் என்று தலையாட்டினார். அஞ்சரை டொக் என்றது.

"உதுதான்," என்றார்.

"பக்கத்து வீட்டுக் கோழிகூடத் தலை நிமித்தாது, அங்கிள்," என்று நானும் அளந்துவிட்டேன்.

கடதாசி வேலைகள் முடிந்த பிறகு, ஒரு ஞாயிறு பின்னேரம் குறி சரிபார்த்துக் கொடுக்க இளவாலைக்குப் போனேன். லூர்த்தம்மா அன்ரி தேத்தண்ணியும் பயித்தம் பணியாரமும் தந்தார். வாய்க்காரி. "தம்பி, உவருக்குக் கப்பலிலை கயிறு இழுத்துத்தான் பழக்கம். பெருச்சாளிக்குப் பதிலா என்ரை வாழையைச் சுடாமல் பாத்துக்கொள்ளும்," என்றார். பிறகு குசினிக்குள் போய்த் திருவலையில் குந்தித் தேங்காய் திருவத் தொடங்கினார். அந்தச் சத்தம் கிணற்றடி வரைக்கும் எங்களோடு வந்தது.

மரவள்ளிக்கு அப்பால் ஒரு பால்மா ரின்னைக் குறியாக வைத்தோம். டொக். கொஞ்சம் இடப்பக்கம் போனது. குறியைத் திருகினேன். டொக். மூன்றாவது நடுவில் பட்டது. வளவில் ஒரு காகம்கூட எழும்பவில்லை. அங்கிளுக்கு முகம் கொள்ளாத சந்தோசம். "வாரும், அவவிட்டைக் கேப்பம், ஏதும் கேட்டதோ எண்டு," என்று என்னைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

குசினியில் அன்ரி இல்லை. அடுப்பை அணைத்திருந்தார். பாதி திருவின தேங்காய்ப் பாதி நிலத்தில் கிடந்தது. அங்கிள் இரண்டு தரம் கூப்பிட்டார்.

வீட்டின் நடுவில் ஜன்னல் இல்லாத ஒடுங்கிய நடை ஒன்று இருந்தது. அதற்குள், சுவரில் முதுகைச் சாய்த்து, அன்ரி நிலத்தில் இருந்தார். பற்களுக்கிடையில் துவாய்த் துண்டு. இரண்டு கைகளும் இரண்டு பக்கமும் விரிந்து, அங்கே இல்லாத யாரையோ நிலத்தோடு அமத்திப் பிடித்திருந்தன.

"லூர்த்து, அது நாங்கள்தான். துவக்கு," என்றார் அங்கிள்.

அன்ரி துவாயை எடுத்தார். "தெரியும். நீங்கள்தான் எண்டு எனக்குத் தெரியும்." குரலில் பதற்றமே இல்லை. "மூண்டு தரம் குத்திக் கேட்டது. ஒண்டும் இன்னும் விழேல்லை."

எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. நான் அந்தக் காலத்தில் பிறக்கவே இல்லை. அங்கிள் கடலில்.

"ஆமி முகாமிலை இருந்து ஷெல் குத்தேக்கை தூரத்திலை இப்பிடித்தான் கேக்கும்," என்றார் அன்ரி. "டொக். அவ்வளவுதான். அது வந்து விழுறதுக்கு முந்திப் பிள்ளையளை இழுத்துக்கொண்டு இதுக்குள்ளை வந்திடோணும். எங்கை விழும் எண்டு தெரியாது. விழுமட்டும் துணியைக் கடிச்சுக்கொண்டு இருக்கோணும்."

"வெடிக்கெல்லோ பயந்தனீர்?" என்றார் அங்கிள்.

"வெடிக்குத் திடுக்கிட்டனான். ஆர்தான் திடுக்கிடாதது? அது வெடிச்சால் முடிஞ்சுது. உங்களை ஏசிப்போட்டு என்ரை வேலையைப் பாத்தன். இது முடியேல்லையே."

அங்கிள் அன்ரிக்குப் பக்கத்தில், அந்த விரிந்த கைக்குக் கீழே மெல்லக் குந்தினார். "எனக்கு ஒருக்காலும் சொல்லேல்லையே நீர்," என்றார்.

"நீங்கள் நடுக்கடலிலை. சொன்னால் நீந்தியோ வாறது?"

அங்கிள் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். அங்கே நிற்க எனக்கு ஏலவில்லை. கோழிகூடத் தலை நிமிர்த்தாது என்று பெருமை அடித்தவன் நான். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. வெளியே வந்து ரின்னை எடுத்துக்கொண்டு, சொல்லாமலே போய்விட்டேன்.

அடுத்த நாள் நான் கடை திறக்க முதலே அவர் வாசலில் நின்றார், துவக்கோடு.

"சத்தம் உள்ளதைத் தாரும், தம்பி."

"நாலரையோ? பெருச்சாளி விழாது, அங்கிள்."

"ஓடினால் காணும். வெடிச்சு முடியோணும். அதுதான் எனக்கு வேணும்."

பின்னுக்குப் போய் இருக்கிறதெல்லாம் சுட்டுக் காட்டினேன். முன்போலவே முதுகைக் காட்டி, கண்ணை மூடி நின்றார். ஒவ்வொன்றும் வெடித்து ஓய்ந்த பிறகும் சற்று நேரம் அப்படியே நின்றார். கடைசியில், ஆக இலேசான சன்னத்தைப் போட்ட நாலரையைத் தெரிந்தெடுத்தார். கேட்ட எனக்கே காது அடைத்துவிட்டது.

கடதாசியில் துவக்கின் இலக்கத்தை மாற்றிவிட்டு, அன்று பின்னேரமே அதற்கும் குறி வைத்துக் கொடுக்கப் போனேன். அன்ரியிடம் சொல்லிவிட்டுத்தான் கிணற்றடிக்குப் போனோம். அவர் திருவலையில் குந்தியபடி, "சுடுங்கோ, சுடுங்கோ," என்றார். எங்கள் கூடாத காலம், குறி வைக்க முதலே பெருச்சாளி மரவள்ளி வரிசைக்குள் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றது. அங்கிள் துவக்கை நிமிர்த்தினார். ஒருதரம் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

படீர்.

காகங்கள் எல்லாம் எழும்பின. குசினிக்குள் ஏதோ ஒரு கோப்பை விழுந்தது. "உங்களுக்கு வேறை வேலை இல்லையோ!" என்று அன்ரி போட்ட கூச்சல் அடுத்த வளவுக்கும் கேட்டிருக்கும்.

பெருச்சாளி வேலிக்குள் பாய்ந்து ஓடியது. "அங்கிள், தப்பிவிட்டுது," என்றேன்.

அவர் கையை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். வீட்டுப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடி நின்றார். குசினியில் தேங்காய் திருவுகிற சத்தம் மறுபடியும் தொடங்கியது.