எவரும் இல்லை எனச் சான்றளிக்கிறேன்

1

இந்தக் கதை ஒரு காகிதத்திலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மனநலச் சட்டத்தின்படி ஒவ்வொரு சிறையின் மருத்துவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு ஒரு சான்று அனுப்ப வேண்டும். ‘இச்சிறையில் மனநோயுள்ள கைதி எவரும் இல்லை எனச் சான்றளிக்கிறேன்.’ இருந்தால் அவரை முன்பே சிகிச்சைக்கு மாற்றியிருப்பார்கள், ஆகவே இருக்க மாட்டார் என்பது சட்டத்தின் நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான்.

நான் அந்த வாரியத்தில் டாக்டரும் இல்லை, நீதிபதியும் இல்லை. என் அண்ணன் மருதுபாண்டிக்கு இருபத்திரண்டு வருஷம் மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டவன் என்பதால் குடும்பத்தார் சார்பில் ஓர் இடம் கொடுத்தார்கள். மூன்று வருஷத்தில் எங்கள் பக்கத்துக் கிளைச்சிறை ஒன்றிலிருந்து பன்னிரண்டு சான்றுகள் வந்தன. பன்னிரண்டிலும் எவரும் இல்லை. பன்னிரண்டிலும் ‘பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டேன். (எந்த ஊர்ச் சிறை என்று கேட்காதீர்கள். தெரிந்தால் மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகிவிடுவீர்கள்.)

யாருமில்லாத இடத்தில் ஒருவனை உண்டாக்குவதுதானே கதை எழுதுகிறவன் வேலை. உண்டாக்கினேன். பெயர் ஜெயபாண்டி, வயது முப்பத்தொன்று.

2

முதல் தொடக்கம்: ‘வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சீமைக்கருவேலங்காட்டின் மேல் ஒரு பருந்து…’

நிறுத்திவிட்டேன். எங்கள் சீமைக் கதைகளில் வெயிலைக் காய்ச்சும் அளவுக்குக் காய்ச்சியாகிவிட்டது.

இரண்டாவது தொடக்கம்: ‘சிறைச் சுவருக்குக் காது இருந்தால்…’

இருந்து என்ன செய்ய? வேண்டியது வாய் அல்லவா. இதையும் அடித்தேன்.

மூன்றாவது: ‘ஒரு மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு காளீஸ்வரி சிறை வாசலில் நின்றாள்.’ இது நிற்கிறது. இதிலிருந்தே போவோம்.

3

காளீஸ்வரி ஜெயபாண்டியின் அக்கா. அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. ஊர் திருச்சுழியைத் தாண்டி நரிக்குடி போகிற வழியில். தம்பி கருவேல விறகைக் கரியாக்கும் மூட்டம் போடுகிற இடங்களில் லோடு ஏற்றுகிறவன். நாலு வருஷமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, நாலு வருஷமாக நன்றாகவும் இருந்தான். வெளியூரில் தங்கி வேலை பார்த்தபோது மாத்திரையை விட்டுவிட்டான். ஒருநாள் மல்லாங்கிணறு பஸ்ஸின் கண்ணாடிக்குள்ளிருந்து யாரோ தன்னைக் கூப்பிட்டதாக நினைத்துக் கல்லை எடுத்து எறிந்தான். டிரைவருக்கு நெற்றியில் நாலு தையல். வழக்குப் பதிந்து உள்ளே வைத்து நாற்பத்தாறு நாள் ஆகிறது. ஜாமீனுக்குக் கையெழுத்துப் போடச் சொந்தபந்தத்தில் ஆள் கிடைக்கவில்லை.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவன் இளைத்துப்போயிருந்தான்.

“சாப்டியாடா?”

“சோத்துல பேச்சக் கலந்திருக்காகக்கா. தின்னா உள்ள போயி பேசும். நான் திங்க மாட்டேன்.”

காளீஸ்வரி வலையை விட்டு வாசலுக்கு வந்தாள். வாசல் காவலர் கோட்டைச்சாமியிடம் முடிச்சை அவிழ்த்து மாத்திரை அட்டையை நீட்டினாள்.

(இந்தக் கோட்டைச்சாமியைக் கொடியவனாக எழுதத்தான் நினைத்திருந்தேன். மீசையெல்லாம் வைத்துப் பார்த்தேன். ஆள் மசியவில்லை.)

“தாயி, வெளி மாத்திரைய உள்ள விட எனக்கு அதிகாரமில்ல. டாக்டரம்மா சீட்டு எழுதட்டும். நானே கொண்டுபோயி முழுங்க வச்சிட்டு வாரேன்” என்றார் அவர். “மூணு நாளாத் தண்ணிதான் குடிக்கான். எனக்கே மனசு கேக்கல.”

4

டாக்டர் சுவாதி அரசு மருத்துவமனையில் வேலை பார்ப்பவர். சிறை அவருக்குக் கூடுதல் பொறுப்பு, வாரத்துக்கு ஒரு மணி நேரம். ஜெயபாண்டியை உள்ளே சேர்த்தபோது நிரப்பிய பாரத்தை எடுத்துக் காளீஸ்வரி முன் மேஜையில் வைத்தார்.

“உள்ள வைக்கறதுக்கு முன்னாடி மனநோய் இருக்கான்னு கேட்டிருக்காங்க. ‘இல்லை’ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே?”

“ஆமா டாக்டரம்மா.”

“ஏம்மா அப்படிச் சொன்னீங்க?”

“கிறுக்குன்னு எழுதுனா சென்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவாக, போனவன் திரும்ப மாட்டான்னு ஸ்டேசன்ல ஒருத்தர் சொன்னாரு. அதான் இல்லன்னுட்டேன்.”

அது பாதிக் காரணம். அந்த வாரம்தான் தங்கை முருகலட்சுமிக்குப் பூ வைத்துப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. இரண்டில் எது பெரிய காரணம் என்று காளீஸ்வரியே பிரித்துப் பார்த்ததில்லை. பார்க்கவும் பயம்.

டாக்டர் பாரத்தைத் திருப்பி அந்தக் கையெழுத்தைப் பார்த்தார்.

“உங்க பாரத்தை நம்பி நானும் ‘எவரும் இல்லை’ன்னு சான்று அனுப்பிட்டேன். இருபத்தாறு பேர், ஒரு மணி நேரம். அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலைம்மா, அது என் தப்பு. இப்ப இந்த மாத்திரையை நான் எழுதினா, அனுப்புன சான்று பொய்னு ஆயிரும்.” குரல் இறங்கியது. “வாரியத்துல இருந்து ஒருத்தர் வந்து ‘இவர் ஏன் இங்க இருக்கார்’னு கேட்டா போதும். அந்த நிமிஷமே எழுதிடுறேன். பெரிய ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிடுறேன்.”

“அவுகள எங்க போயிப் பாக்க?”

அதற்குப் பதில் வைத்திருந்தவர் கோட்டைச்சாமி. வாசலில், சிறையைப் பார்வையிடும் அதிகாரமுள்ள வாரியத்தாரின் பெயர் எழுதிய பலகை ஒன்று தொங்குகிறது. தூசியைத் துடைத்து, ஒரு பெயரையும் விலாசத்தையும் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். “இதுவரைக்கும் யாரும் எழுதுனதில்ல தாயி. நீ எழுது.”

அன்றே காளீஸ்வரி கடிதம் எழுதினாள். அதில் என்ன எழுதினாள் என்பதை

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். நாலு முறை முயன்றேன், முடிக்க வரவில்லை.

இன்னொன்று. திருப்பிப் படித்தால் டாக்டர் ‘அவர்’, கோட்டைச்சாமி ‘அவர்’, பன்னிரண்டு வருஷமாக மில்லில் நின்று குடும்பத்தைத் தாங்கும் காளீஸ்வரி மட்டும் ‘அவள்’. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, கை தானாகப் போயிருக்கிறது. எழுதியதை அழிக்கவில்லை. இனி மாற்றிக்கொள்கிறேன்.)

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ. வாரியத்திலிருந்து ஒருவர் வருகிறார். கேட்கிறார். டாக்டர் எழுதுகிறார். ஒரு மாதம் கழித்து ஜெயபாண்டி அக்காவிடம் “ஒரு காப்பி வாங்கிக் குடுக்கா” என்கிறான். உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். இதில் எனக்கு உள்ள சிக்கலைப் பிறகு சொல்கிறேன்.

ஆ. ஜெயபாண்டி செத்துப்போகிறான். விசாரணை நடக்கிறது. பன்னிரண்டு சான்றுகளையும் எடுத்து மேஜையில் பரப்புகிறார்கள். இதை இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாக வந்தது. நன்றாக வந்துவிட்டதே என்றுதான் இரண்டு பக்கத்தையும் கிழித்துப்போட்டேன். உயிரோடு இருக்கிறவனைவிடச் செத்தவன் கதைக்கு வசதியாக இருக்கிறான்.

இ. கடிதம் போய்ச் சேர்கிறது. வாங்கியவர் அதைப் படித்துவிட்டு

6

முதல் பகுதியில் ஒரு பொய் சொன்னேன். ஜெயபாண்டியை நான் உண்டாக்கவில்லை. பெயர்களை மாற்றினேன், அவ்வளவுதான்.

கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. தபால்காரர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கையெழுத்துப் போடுவதில் நான் பழகியவன் என்பது உங்களுக்குத் தெரியும். நாலு பக்கம், கோடு போட்ட தாள். கோட்டைச்சாமி சொன்னது, டாக்டர் சொன்னது, சோற்றில் பேச்சு கலந்திருப்பது எல்லாம் காளீஸ்வரி எழுதியதுதான். தங்கைக்குப் பூ வைக்கும் விஷயத்தைக்கூட அவர் மறைக்கவில்லை. கடைசியில் இப்படி இருக்கிறது:

‘ஐயா, இல்லை என்று பொய் சொன்னது நான். அதற்கு என்னை என்ன செய்தாலும் சரி. தம்பி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. நீங்கள் வந்து ஒரு தடவை அவனைப் பாருங்கள்.’

அது வந்து ஒன்பது நாள் ஆகிறது. அந்த மூன்றோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்பது நாளும் நான் சும்மா இருக்கவில்லை. இந்தக் கதையை எழுதினேன். தொடக்கங்களை அடித்தேன், காவலருக்கு மீசை வைத்து எடுத்தேன், ‘அவள்’ என்பதை ‘அவர்’ ஆக்கி என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டேன். வாரியத்துக்கு ஒரு போன் போட ஐந்து நிமிஷம் ஆகும். சிறைக்குப் போய்க் கேட்கும் அதிகாரம் எங்களுக்கு இருக்கிறது. ஆனால் நான் போய் “இவர் ஏன் இங்கே இருக்கிறார்?” என்று கேட்டால், “பன்னிரண்டு தடவை எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டீர்கள்?” என்று யாராவது திருப்பிக் கேட்பார்கள். முடிவு ‘அ’வில் எனக்குள்ள சிக்கல் இதுதான். அதில் வருகிறவர் நான்.

காளீஸ்வரி ஒரு பொய் சொன்னார், அதைத் தன் கைப்படவே எழுதி ஒப்புக்கொண்டார். டாக்டர் தன் தப்பை அவர் முகத்துக்கு நேரே சொன்னார். நான் மட்டும் ஒப்புக்கொள்வதற்குக் கதை என்று ஒரு மறைவிடம் தேடினேன். வெட்கமாக இருக்கிறது.

7

இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. எழுதிவிட்டால் ஏதோ செய்து முடித்தாற்போல இருக்கும், சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இப்போது காலை பத்தேகால். பதினொன்றுக்கு அந்த ஊருக்கு ஒரு பஸ் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில்தான் போஸ்ட் ஆபீஸும் இருக்கிறது. சட்டையை மாட்டியாகிவிட்டது. கையில், பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய இந்தத் தாள்கள் இருக்கின்றன.

நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் நான் போஸ்ட் ஆபீஸுக்குப் போயிருக்கிறேன் என்பது மட்டும் நிச்சயம். அதற்கு முன்னால் அந்தப் பஸ்ஸில் ஏறினேனா என்று என்னிடம் கேளுங்கள்.