பதினோரு அமாவாசையில் ஒரு சாவும் இல்லை

இன்னும் ஐந்து மணி நேரம் இருபது நிமிடம் இருந்தது. மாலை ஆறு மணிக்குள் சதீஷின் புத்தகம் வேலூர் அச்சகத்துக்குப் போக வேண்டும். இரண்டு வருடமாக எழுதியது. இருநூறு பிரதி. பதினெட்டாம் பக்கத்தில் மட்டும் தகராறு.

புத்தகம் என்றால் ஒரு விளையாட்டின் விதிகள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிப் பிழைப்பார்கள். சதீஷ் பட்டு நெய்கிறவன். தறி ஓடாத அமாவாசையில்தான் அவனுக்கு நேரம். எழிலரசன் செய்யாறு கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு பஸ் ஏறி வருவான். நாங்கள் மூவரும் ஒரே கல்லூரி. கதையை நடத்துவது நான். மற்றபடி அதிகம் பேசமாட்டேன்.

பதினெட்டாம் பக்கம் சொல்வது இது: விஷக்காட்டில் நுழைகிறவருக்காக, கதை நடத்துபவர் இருபது முகப் பகடையை மறைவாக உருட்ட வேண்டும். ஐந்தோ அதற்குக் கீழோ விழுந்தால் அந்தப் பாத்திரம் செத்தது. அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது.

"நாலுல ஒருத்தன் சாவான்டா. எடுத்துடு," என்றான் எழில்.

"பதினோரு அமாவாசை ஆடிட்டோம்," என்றான் சதீஷ். "ரெண்டு பேரும் ஒவ்வொரு தடவையும் காட்டுக்குள்ள போனோம். எவனாவது செத்தானா?"

"லக்குடா."

"இருபத்திரண்டு தடவையுமா? விதி கரெக்டா இருக்குன்னு ஒத்துக்க மனசு வரல உனக்கு."

இருபத்திரண்டு முறையும் தப்பிக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டுதான். நான் இயற்பியல் படித்தவள். மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு டீயைக் குடித்தேன்.

"சரி, கஷ்டமான விதின்னே வச்சுக்க," சதீஷ் வேறு பக்கம் தாவினான். "நடத்துறவங்க பாத்து சரி பண்ணிக்கலாம்னு கடைசி பக்கத்துல எழுதிகீறேன். அப்புறம் இன்னா தப்பு?"

"இழை அறுந்துகினே இருக்குது. முடிச்சு போட ஆள் இருக்கு, அதனால நூல்ல தப்பே இல்லன்னு சொல்லுவியா? குடுத்தவன் மூஞ்சில வீசமாட்ட?"

"வீசுவேன். அது நூலு, இது கேமு."

"பேச்ச பாரு!"

சதீஷ் என் பக்கம் திரும்பினான். "மேடம் சொல்லட்டும். நடத்தினது அவதான. சரின்னா அனுப்பறேன், தப்புன்னா எடுத்துடறேன்."

உண்மையைச் சொன்னால், இனி நான் உருட்டும் பகடையை இவர்கள் நம்ப மாட்டார்கள். சொல்லாவிட்டால், எங்கோ ஓர் ஊரில் மாதத்துக்கு ஒருநாள் லீவு கிடைத்து பஸ் ஏறி வந்த யாரோ, பத்தே நிமிடத்தில் செத்துவிட்டுச் சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்திருப்பார்.

"ஜல்தி சொல்லு சுகன்யா. பேஜார் பண்ணாத," என்றான் சதீஷ்.

"எடுத்துடு," என்றேன்.

"ஏன்? யாரும் சாவலயே?"

"நீ மூணு தடவ செத்துட்ட, சதீஷ். எழில் ரெண்டு தடவ. நான்தான் நம்பர மாத்திச் சொன்னேன்."