கோட்டுக்குப் பின்னால் மூன்று வில்லைகள்

கணக்குப் புத்தகத்தில் எங்கே திறந்தாலும் ஒரு பை இருக்கும், பைக்குள் பந்துகள் இருக்கும். பந்தை வைத்துக்கொண்டு யார் குடும்பம் நடத்துகிறார்கள் என்று அவளுக்கு எரிச்சலாக வரும். அதனால் பந்துகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, தன்னோடு சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர்களை அந்தப் பைக்குள் போட்டுக்கொள்வாள். அப்படிச் செய்தால் கணக்கு சட்டென்று பிடிபடும்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை அவளுக்கு. பாதியில் விட்ட பள்ளிப்படிப்பைத் தனியாக எழுதி முடிக்கப் போகிறேன் என்று வாய்தவறிச் சொன்ன நாளிலிருந்து எல்லோருக்கும் அவள் 'டீச்சர்' ஆகிவிட்டாள். கணக்குப் பரீட்சை சனிக்கிழமை காலையில். அதைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு அரை வருடம் காத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை கூடத்துக்கு விடுமுறைதான். ஆனால் அறுவை வார்டுத் துணி நிற்காது என்பதால் இரண்டு பேர் வந்தாக வேண்டும். யார் அந்த இரண்டு பேர் என்பதை வெள்ளிக்கிழமை டீ குடித்த பிறகு மேஸ்திரி குலுக்கிப் போட்டு முடிவு செய்வார். ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை உண்டு. உள்ளே வந்ததும் கதவோரப் பலகையில் அவரவர் ஆணியில் மாட்டிவிட வேண்டும். அந்த வில்லைகளைச் சோப்புத்தூள் வாளியில் போட்டு, கண்ணை மூடி இரண்டை எடுப்பார்.

"எட்டுப் பேரிலிருந்து ரெண்டு பேரை இருபத்தெட்டு விதமா எடுக்கலாம்ண்ணே," என்றாள் இஸ்திரிக்காரரிடம். "அதுல நான் வர்றது ஏழு. அப்போ நாலுல ஒரு பங்குதான். தப்பிச்சிருவேன்."

"நீ போன வாரமும் வந்தே. அதுக்கு முன்னாடி வாரமும் வந்தே. பாதிச் சனிக்கிழமை உன் மூஞ்சியைத்தான் இங்க பார்க்கறேன்."

"அது என் ராசி."

"ராசிக்குப் புத்தகத்துல பாடம் இருக்கா டீச்சர்?"

அவள் சிரித்துவிட்டாள். அவர் சொன்னதை எண்ணிப் பார்க்காமல் சிரித்ததுதான் அவள் செய்த தப்பு.

மேஸ்திரி வாளியைக் குலுக்கினார். முதலில் வந்தது இஸ்திரிக்காரரின் வில்லை. இரண்டாவது அவளுடையது.

"சாமி கண்ணைத் திறந்துதான் பார்க்குது," என்று மேஸ்திரியின் மச்சினன் ஓரத்திலிருந்து குரல் கொடுத்தான். மேஸ்திரிக்கு மச்சினன் என்பதால் ஊருக்கே அவன் மச்சான். அவன் ஒரு சனிக்கிழமையாவது வந்து அவள் பார்த்ததில்லை.

பார்த்ததே இல்லை. அந்த நினைப்பு முள் மாதிரி தைத்தது. புத்தகத்தில் பைக்குள் எத்தனை பந்து என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவார்கள். இங்கே யார் சொன்னார்கள்? தலையை எண்ணி எட்டு என்று அவளாகத்தான் வைத்துக்கொண்டாள். வாளியை யார் எட்டிப் பார்த்தது?

அவள் போய் வாளியைக் கவிழ்த்தாள். மூன்றே மூன்று வில்லைகள் தரையில் உருண்டன.

"கையில ரெண்டு, கீழே மூணு. மீதி எங்க?"

"ஏய், என்ன இது?" என்றார் மேஸ்திரி.

மழையோ வெயிலோ, குலுக்கல் நாளில் மட்டும் மேஸ்திரியின் கோட்டு கதவோரப் பலகை மேல் தொங்கும். அவள் அதை விலக்கினாள். மூன்று வில்லைகள் அவற்றின் ஆணியிலேயே அசையாமல் தொங்கின. ஒன்று மச்சானுடையது. இன்னொன்று அவனுடைய கூட்டாளி வண்டிக்காரனுடையது. மூன்றாவது, மேஸ்திரி வீட்டுத் துணியெல்லாம் சும்மா தைத்துக் கொடுக்கிற தையல்காரியுடையது.

"அவங்களுக்கெல்லாம் குடும்பம் குட்டி இருக்கும்மா. நீ ஒத்தை ஆளு," என்றார் மேஸ்திரி, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"அப்போ ஒத்தை ஆளுதான் வரணும்னு நேராச் சொல்லுங்க. எதுக்கு வாளி? எதுக்குக் கண்ணை மூடறீங்க? அஞ்சை மட்டும் போட்டுட்டு எட்டுன்னு ஏமாத்தினீங்களே, எங்களைப் பார்த்தா கேனையாத் தெரியுதா?"

"ஒரு பரீட்சைக்கா இந்தக் குதி குதிக்கிறே?"

"ஆமா, பரீட்சைக்குத்தான்! எட்டையும் போடுங்க. சமவாய்ப்பு. அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா உங்களுக்கு?"

வாயே திறக்காத மற்றவர்களும் இப்போது முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மேஸ்திரி தோளைக் குலுக்கினார். எட்டு வில்லைகளும் வாளிக்குள் விழுந்தன. எடுக்கிற வேலையை இஸ்திரிக்காரரிடம் கொடுத்தார்கள்.

முதலில் வந்தது மச்சானின் எண். கூடம் முழுக்க விசில் பறந்தது. "இது மோசடி!" என்று அவன் கத்தியதற்கு எல்லோரும் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

இரண்டாவது வில்லையைப் பார்த்த இஸ்திரிக்காரர் நிமிரவில்லை.

"என்னண்ணே? படிங்க."

அவர் வில்லையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவளுடைய எண்.

"போதுமா? உன் சமவாய்ப்பு வந்துருச்சு," என்றார் மேஸ்திரி.

நான் வரேன், நீ போய்ப் பரீட்சை எழுது என்று யாரும் சொல்லவில்லை. தன் வில்லை தப்பிய நிம்மதியை மறைக்கத் தெரியாமல் இஸ்திரிக்காரர் இஸ்திரி மேசைக்கு அடியில் எதையோ தேடினார். இதுவரை அவள் கோபத்துக்கு ஒரு முகம் இருந்தது, ஒரு கோட்டு இருந்தது. இப்போது பித்தளை மேலா கோபப்படுவது?

சனிக்கிழமை காலை, பரீட்சைக்கு மணி அடிக்கிற நேரத்தில், ஈர விரிப்பின் ஒரு முனையை அவள் பிடித்திருந்தாள். மறுமுனையை மச்சான் பிடித்திருந்தான்.

"எல்லாம் உன்னாலதான்," என்றான். "சும்மா இருந்திருந்தா நான் வீட்டுல தூங்கிட்டு இருப்பேன். உனக்கும் ஒண்ணும் ஆகல. என்னத்தைக் கண்டே?"

"இருபத்தெட்டு ஜோடில நீயும் நானும் ஒண்ணு. இத்தனை நாளா அந்த ஜோடி வந்திருக்கவே முடியாது. நேத்துதான் வர முடிஞ்சுது. இழுத்துப் பிடி, சுருக்கம் விழுது."

அவன் இழுத்துப் பிடித்தான்.

விரிப்பை அடுக்கிவிட்டு அவள் கருவிப்பெட்டியிலிருந்து சுத்தியலையும் ஒரு நீள ஆணியையும் எடுத்தாள். கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில், பலகையிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, அந்த ஆணியை ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"அது எதுக்கு?" என்றான் மச்சான்.

"உங்க மாமாவோட கோட்டுக்கு."